ஊர்த் தெருவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: சாதி, வசதி, மனுஷத்தன்மை

மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்தில், ஊர்த் தெருவில் பிறந்தவன் நான். கோயிலும் சாவடியும் இருக்கிற தெருக்களுக்கு எங்கள் பக்கம் 'ஊர்' என்று பெயர். வாய்க்காலுக்கு அந்தப்புறம் இருப்பது 'காலனி'. இரண்டும் ஒரே ஊராட்சி, ஒரே பின்கோடு. ஆனால் "ஊர்க் கூட்டம்" என்று தண்டோரா போட்டால் காலனியிலிருந்து யாரும் வரமாட்டார்கள். வரக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

கீழே உள்ள கேள்விகளில் முக்கால்வாசி சொந்தக்காரர்கள் கேட்டவை. கல்யாணப் பந்தியில், எழவு வீட்டுத் திண்ணையில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிச் சண்டையாகிவிடுவதால் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்தக் காலத்தில் யாருப்பா சாதி பார்க்கிறார்கள்?

டவுன் பஸ்ஸில் பார்ப்பதில்லை. பரோட்டாக் கடையில் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றும்போது பாட்டிலைத் திருப்பி யாருடையது என்று கேட்பதில்லை. அதுவரை சரி. பெண் எடுக்கும்போது, வாடகைக்கு வீடு விடும்போது, கோயில் வரி வசூலிக்கும்போது, பிணம் எடுத்துப் போகும் பாதையில் பார்க்கிறோம். வேறு வழியில்லாத இடத்தில் பார்க்காமல் இருப்பதையும், நம் இஷ்டத்துக்கு விட்ட இடத்தில் பார்ப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

2011-12இல் நாடு முழுக்க நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், தங்கள் வீட்டில் ஏதோ ஒரு வகையில் தீண்டாமை கடைப்பிடிப்பதாக ஒப்புக்கொண்ட குடும்பங்கள் 27 சதவீதம். ஒப்புக்கொண்டவை மட்டும். வீட்டுக்கு வந்து கேட்கும் முன்பின் தெரியாத ஆளிடம் "ஆமாம், பார்ப்போம்" என்று சொன்னவர்கள் அவ்வளவு என்றால், சொல்லாமல் விட்டவர்களை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்கள் அதே ஆய்வில் சுமார் 5 சதவீதம்தான்.

டீக்கடையில் இரட்டைக் குவளை எல்லாம் ஒழிந்துவிட்டதே?

பேப்பர் கப் வந்தது. எல்லாருக்கும் பேப்பர் கப் என்றால் பிரச்சினை இல்லை. சிலருக்குக் கண்ணாடி கிளாஸ், சிலருக்குப் பேப்பர் கப் என்றால் அது பழைய குவளைதான். கழுவுகிற வேலை மட்டும் மிச்சம்.

எங்கள் அப்பத்தா வீட்டில் மாட்டுக்கொட்டத்து இறவாரத்தில் ஓர் அலுமினிய லோட்டா செருகியிருக்கும். களை எடுக்க வந்தவர்கள் அதை எடுத்து, கையேந்திக் காபி வாங்கிக் குடித்து, அவர்களே கழுவி, மறுபடி அங்கேயே செருகிவிட்டுப் போவார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுவரை அது எனக்கு வினோதமாகவே படவில்லை. அரிவாளுக்கு ஓர் இடம், மண்வெட்டிக்கு ஓர் இடம், அந்த லோட்டாவுக்கு ஓர் இடம்.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்பவர்களுக்காக: 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அங்கே டீக்கடையில் இரட்டைக் குவளையையும், கோயிலுக்குள் விடாத வழக்கத்தையும் சேர்த்தே கண்டார்கள். அந்த மக்களை அதிகாரிகள் தாங்களே கோயிலுக்குள் அழைத்துப்போக வேண்டியிருந்தது. மலம் கலந்தது யார் என்ற வழக்கில், 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. குடியிருப்பு மக்கள் அதை ஏற்கவில்லை. அது நீதிமன்றத்தின் பாடு. டீக்கடைக் குவளையைக் கண்டுபிடிக்க சி.பி.சி.ஐ.டி. தேவைப்படவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அது எல்லாரும் பார்க்கத்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் இவ்வளவு சண்டை கிடையாது. எல்லாரும் தாயா பிள்ளையாகத்தானே இருந்தோம்? மனுஷத்தன்மை இப்போதுதானே குறைந்துபோனது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எனக்கு அதிகம் கோபம் வருவதும் இதற்குத்தான்.

அப்பத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது: "அப்பெல்லாம் காலனிச் சனம் எம்புட்டு மரியாதையா இருக்கும் தெரியுமா?" மரியாதை என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். தோளில் துண்டு போடாதது, ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டது, சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனது, நம் வீட்டுச் சின்னப்பயல் பேர் சொல்லி 'வாடா' என்று கூப்பிட்டாலும் அறுபது வயது மனிதர் 'சாமி' என்று வந்து நின்றது. எங்கள் தெருவில் எட்டு வயதுப் பையன் தாத்தா வயதுக்காரரை அப்படிக் கூப்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பையன்களில் நானும் ஒருவன்.

அப்போது சண்டை இல்லாததற்குக் காரணம், ஒரு தரப்பு எதிர்த்துப் பேச வழி இல்லாமல் இருந்தது. பேசியபோது என்ன நடந்தது என்பதற்குக் கீழவெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25. அப்போது ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டம். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு, செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்த விவசாயக் கூலிகள். தாக்குதலுக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேரை வெளியே தாழிட்டுக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். நிலவுடைமையாளர்களைக் கீழ்நீதிமன்றம் தண்டித்தது, உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரும் பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பதும் அந்தத் தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. வசதியே ஒருவரின் நிரபராதித்தனத்துக்குச் சாட்சி சொன்ன இடம் அது.

ஆகவே மனுஷத்தன்மை முன்பு நிறைய இருந்து இப்போது வற்றிவிட்டது என்று சொல்பவரிடம், நீங்கள் எந்தத் தெருவிலிருந்து ஞாபகப்படுத்திக்கொள்கிறீர்கள் என்று கேளுங்கள். காலனியில் இருக்கும் கிழவிகள் யாரும் அந்தக் காலத்தைத் திரும்பக் கேட்டு நான் பார்த்ததில்லை.

இது உண்மையில் ஏழை-பணக்காரன் பிரச்சினைதானே? சாதி என்று ஏன் பூசுகிறீர்கள்?

2019 டிசம்பர் 2, விடிவதற்கு முன். மேட்டுப்பாளையம் நடூர் ஆதிதிராவிடர் காலனி. நல்ல மழை. பக்கத்தில் ஒரு வசதியான வீட்டைச் சுற்றி எழுப்பியிருந்த சுமார் 20 அடி உயரக் கருங்கல் சுவர் சரிந்து காலனி வீடுகள் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். சுவர் ஆபத்தாக இருக்கிறது என்று முன்பே சொன்னோம், யாரும் கேட்கவில்லை என்றார்கள் அக்கம்பக்கத்தார். தீண்டாமைச் சுவர் என்றது ஒரு தரப்பு. அது வெறும் காம்பவுண்டுச் சுவர், கட்டிய லட்சணம் சரியில்லை என்றது இன்னொரு தரப்பு.

எந்தப் பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். அவ்வளவு உயரச் சுவர் கட்டப் பணம் வேண்டும். அது வசதி. சுவரின் அடியில் யார் வீடு இருக்கிறது, அவர்கள் ஏன் அந்தப் பள்ளத்தில் குடியிருக்கிறார்கள், அவர்கள் கொடுத்த புகார் ஏன் மேஜையைத் தாண்டவில்லை என்று கேட்டுக்கொண்டே போனால் சாதி வந்து நிற்கும்.

நிலத்தைப் பாருங்கள். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். நிலம் இல்லாததுதான் அடிமைத்தனத்தின் ஆணிவேர் என்று அவருக்குப் புரிந்திருந்தது. 1892இல் அரசாணை வந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு ஒதுக்கப்பட்டு 'பஞ்சமி நிலம்' ஆனது. பத்து வருஷம் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் அதே வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஒவ்வொரு தாலுகாவிலும் தெரிந்த ரகசியம். 1994இல் செங்கல்பட்டில் இதே நிலத்தைக் கேட்டுப் போராடியவர்கள் மீது போலீஸ் சுட்டு இருவர் இறந்தார்கள். வறுமையை உண்டாக்கிய கை எது என்று பார்த்துவிட்டு, அப்புறம் வறுமையைப் பற்றிப் பேசலாம்.

படித்து, பணம் சம்பாதித்துவிட்டால் சாதி தானாகப் போய்விடாதா?

தருமபுரி நத்தம் காலனிக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போய்ச் சம்பாதித்து, ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டினார்கள். பீரோ, டி.வி., பைக், பெண் பிள்ளைக்குக் கொஞ்சம் நகை. ஊரில் யார் நிலத்துக்கும் கூலிக்குப் போய் நிற்கவேண்டியதில்லை.

2012 நவம்பர் 7. சாதி மாறி நடந்த ஒரு கல்யாணத்தையொட்டி, பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டார். சில மணி நேரத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று குடியிருப்புகளிலும் கூட்டம் புகுந்தது. 268 வீடுகள். ஆட்கள் தப்பித்து ஓடிவிட்டார்கள், உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பீரோ உடைத்து நகை எடுக்கப்பட்டது, பைக்குகள் கொளுத்தப்பட்டன, சர்டிபிகேட்டுகள் எரிந்தன. கல்யாணத்தின் மேல் கோபம் என்றால் பிரிட்ஜ் என்ன பாவம் செய்தது? அந்த மக்கள் சேர்த்ததுதான் குறி. அடுத்த வருஷம் ஜூலையில் அந்தக் கல்யாணம் செய்த பையன் ரயில் தண்டவாளத்தின் அருகே பிணமாகக் கிடந்தான்.

பணம் சாதியைப் போக்கும் என்பது பாதி உண்மை. கைகட்டி நிற்கவேண்டிய கட்டாயத்தைப் பணம் போக்கும். கைகட்டாததைப் பார்த்து எரிகிறவனின் வயிற்றை அது ஒன்றும் செய்யாது.

டவுனில் நாகரிகமாகக் கேட்பார்கள். "சொந்த ஊர் எது தம்பி?" "அதில் எந்தப் பக்கம்?" "குலதெய்வம் எது?" "நான்வெஜ் சமைப்பீங்களா?" மூன்றாவது கேள்வியில் தெரிந்துவிடும். நாலாவது, வீடு இல்லை என்று சொல்வதற்கான காரணம். சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் என் நண்பன் ஒருவன் ஐந்தாறு வீடு பார்த்த பிறகு, எங்கள் குலதெய்வத்தின் பெயரை என்னிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டான். வீடு கிடைத்தது.

மதம் மாறினால்?

சாமி மாறும். கல்லறையில் சுவர் அப்படியே இருக்கும். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளைப் பிரிக்கும் சுவர் பல பத்தாண்டுகளாகப் பேசப்படுவது. அப்போதைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் 2008இல் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு, அதாவது தங்களுக்கென்று தனித் தேவாலய நிர்வாகம், கேட்டதற்கு வீடுகள் தாக்கப்பட்டன. இதில் இன்னொரு கொடுமை, 1950இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக மாறியவர் பட்டியல் சாதி ஆகமாட்டார். சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர், முஸ்லிம் இன்னும் வெளியில்தான். எனவே வன்கொடுமைச் சட்டமும் அவர்களுக்குக் கைகொடுப்பதில்லை.

உத்தப்புரம் சுவரை இடித்துவிட்டார்களே, அதோடு முடிந்ததல்லவா?

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் தெருக்களைப் பிரித்து, 1989 கலவரத்துக்குப் பின் எழுந்த சுவர். 2008 மே 6ஆம் தேதி, பெரும் போலீஸ் பாதுகாப்போடு, ஒரு பாதை அளவுக்கு இடித்தார்கள். இருபது வருஷமாக மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய ஊரில் இருந்த சுவர். சுவரின் மேல் மின்கம்பி இழுத்திருந்தது செய்தியான பிறகுதான் நாட்டுக்கே அப்படி ஒன்று இருப்பது தெரிந்தது. சுவர் இடிந்த கோபத்தில் அதைக் கட்டிய தரப்பினர் ரேஷன் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஒரு பாதை திறந்ததற்கு ஊரையே காலிசெய்யத் தயாரான மனசு அது. செங்கலை ஒரே நாளில் எடுத்துவிடலாம்.

தலித் ஒருவர் ஊராட்சித் தலைவராகவே வர முடிகிறது. இன்னும் என்ன வேண்டும்?

உட்கார நாற்காலி வேண்டும். கேலிக்குச் சொல்லவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், கூட்டத்தில் ஊராட்சித் தலைவரான பெண் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம் வெளியானது. அதே வருஷம் சுதந்திர தினத்தில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. சில நாள் கழித்து ஆட்சியர் வந்து ஏற்ற வைத்தார்.

எங்கள் பக்கத்து ஊர்களையே சொல்கிறேன். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் மூன்றும் மதுரை மாவட்டம், கொட்டக்கச்சியேந்தல் விருதுநகர் மாவட்டம். 1996இல் தலைவர் பதவி தனித்தொகுதியானதும் பத்து வருஷம் அங்கே தேர்தலே முறையாக நடக்கவிடவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் இருக்காது, அல்லது ஊரே நிறுத்திய ஆள் ஜெயித்த கையோடு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவார். 2006 அக்டோபரில்தான் ஒழுங்காக நடந்தது. மதுரை மாவட்டத்து மேலவளவில் மனுத் தாக்கல் செய்து, ஜெயித்து, பதவியிலும் உட்கார்ந்தவர் முருகேசன். 1997 ஜூன் 30ஆம் தேதி பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து, அவரையும் கூட இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள்.

செத்த பிறகாவது எல்லாரும் சமம்தானே?

வாணியம்பாடி அருகே நாராயணபுரம், 2019 ஆகஸ்ட். சுடுகாட்டுக்குப் போகும் பாதை வேறு சாதியாரின் வயல் வழியே. அந்த வழியில் விடமாட்டார்கள் என்பதால், பாலத்தின் மேலிருந்து ஒருவரின் உடலைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சுமார் 20 அடி. மாலையோடு ஒரு உடம்பு ஆடி ஆடி இறங்கும் வீடியோவைப் பார்த்து உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. தனித்தனிச் சுடுகாடு எதற்கு என்று நீதிபதிகள் அரசைக் கேட்டார்கள். நல்ல கேள்வி.

சாக்கடை வேலைக்குச் சட்டப்படி தடை இருக்கிறதே, பின் ஏன் இறங்குகிறார்கள்?

1993இல் ஒரு சட்டம், 2013இல் அதைவிடக் கடுமையான ஒரு சட்டம். பாதாளச் சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. சாவு நிற்கவில்லை. தமிழ்நாடு இந்தப் பட்டியலில் எப்போதும் முன்வரிசையில்.

நகராட்சி நேரடியாக ஆள் இறக்காது, காண்டிராக்டர் இறக்குவார். அபார்ட்மென்ட் சங்கம் காண்டிராக்டரைக்கூடத் தேடாது, வாட்ச்மேனிடம் "யாராவது இருந்தா கூட்டிட்டு வாப்பா" என்று சொல்லும். யாராவது என்றால் யார் என்பது வாட்ச்மேனுக்குத் தெரியும். நமக்கும் தெரியும். செப்டிக் டேங்க் வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய அடுத்தவரும் அப்படியே. அதனால்தான் பல செய்திகளில் இரண்டு, மூன்று பேராகவே சாகிறார்கள். அண்ணன் தம்பியாக, அப்பா மகனாக.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சாதியெல்லாம் தெரியுமா?

மணிக்கட்டைப் பாருங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் எந்தக் கலர் கயிறு எந்தச் சாதி என்பது ஆறாம் வகுப்புப் பையனுக்கு அத்துப்படி. 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு நாங்குநேரியில் பிளஸ் டூ படிக்கும் தலித் மாணவனை, கூடப் படித்த பையன்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். பள்ளியில் தன்னைச் சீண்டுவதாக அவன் சொல்லிவிட்டான் என்பதுதான் கோபம். ஆஸ்பத்திரியிலும் படித்து, 2024இல் பொதுத்தேர்வு எழுதி, 600க்கு 469 வாங்கினான்.

அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி வேண்டாம், பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம், அந்தந்தப் பகுதியில் மெஜாரிட்டியாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகப் போடவேண்டாம் என்றெல்லாம் சொன்னது. கயிறைப் பிடித்துக்கொண்டு பெரிய விவாதம் நடந்தது, சாமிக்கயிறைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று. சின்னப் பிள்ளைக்கு அந்தக் கயிறைக் கட்டிவிட்டது யார் என்று விவாதத்தில் யாரும் கேட்கவில்லை. கோயில் கொடை முடிந்ததும் கட்டிவிடுகிற அண்ணன்கள், மாமாக்கள், நாம்தான்.

பெரியார் மண் என்கிறோம், பிறகும் ஏன் இப்படி?

பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவது வெட்கம் என்று ஆக்கியது சின்ன விஷயமில்லை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தொடங்கியது, இன்றைக்கும் வேறு எந்த மாநிலத்திலும் இந்த அளவு கிடையாது. ஐயர் இல்லாமல் செய்யும் கல்யாணத்துக்கு 1967இல் சட்டமும் வந்தது.

ஆனால் அம்பேத்கர் சொன்ன படிக்கட்டு இருக்கிறது பாருங்கள், ஏறும்போது மரியாதை, இறங்கும்போது இழிவு. நடுப்படியில் நிற்கிற எங்களைப் போன்றவர்கள் மேல்படியைப் பார்த்து முழங்குவதற்குப் பெரியாரை எடுத்துக்கொண்டோம். கீழ்ப்படியைப் பார்க்கும்போது அவரைக் கொண்டுபோய்ப் பரண்மேல் வைத்துவிட்டோம். பிராமணர் வீட்டில் எங்கள் தாத்தாவைத் திண்ணையோடு நிறுத்திய கதையைக் குடும்பத்தில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அப்பத்தாவின் லோட்டாக் கதையை யாரும் சொன்னதே இல்லை.

பி.சி.ஆர். கேஸ் என்று பொய்யாகப் போட்டு மிரட்டுகிறார்களே?

முதலில், ஊரில் எல்லாரும் பி.சி.ஆர். என்று சொல்வது 1955ஆம் வருஷத்துக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். இன்று பெரும்பாலும் போடப்படுவது 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பேர் மட்டும் பழசு.

பொய்யான வழக்கு எல்லாச் சட்டத்திலும் உண்டு. வரதட்சணை வழக்கில், நிலத்தகராறில், செக் மோசடியில். அங்கெல்லாம் "அந்தச் சட்டத்தையே எடுத்துவிடு" என்று ஊர்வலம் போவதில்லை. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கைது செய்யும் முன் விசாரணை வேண்டும் என்று இந்தச் சட்டத்தைத் தளர்த்தியது. அதே வருஷம் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து பழையபடி ஆக்கியது. அதனால் இன்றைய நிலவரம்: புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை போடவேண்டும், முன்விசாரணை தேவையில்லை. டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும். 60 நாளில் குற்றப்பத்திரிகை. கடமையைச் செய்யாத அரசு ஊழியருக்கும் தண்டனை உண்டு. தமிழ்நாட்டில் குற்றத்தைப் பொறுத்து 1 லட்சம் ரூபாயிலிருந்து 12 லட்சம் ரூபாய் வரை நிவாரணம், அதில் ஒரு பங்கு ஆரம்பத்திலேயே தரவேண்டும்.

நடைமுறை வேறு. ஸ்டேஷனில் "எதுக்குப்பா, நாளைக்கும் இதே ஊர்லதானே இருக்கணும்" என்பார்கள். மீறிப் போட்டால் எதிர்த்தரப்பிலிருந்து ஒரு எதிர்ப்புகார் வாங்கிக்கொள்வார்கள். பிறகு இரண்டையும் வாபஸ் வாங்கலாம் என்று தாசில்தார் சமாதானக் கூட்டம். நான் பார்த்த சமாதானக் கூட்டத்தில் அடித்தவருக்கும் அடிவாங்கியவருக்கும் ஒரே அளவு டீ வந்தது, அதைத் தவிர அங்கே வேறு சமத்துவம் எனக்குத் தெரியவில்லை. புகாரை எழுத்தில் கொடுத்து நகலைக் கையெழுத்தோடு வாங்குங்கள். ஸ்டேஷனில் வாங்கவில்லை என்றால் எஸ்.பி.க்குப் பதிவுத்தபால். 14566 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது.

பெண் வேறு சாதிப் பையனோடு போய்விட்டால், பெற்றவர் வயிறு எரியாதா?

எரியும். பேசாமல் இருங்கள், கல்யாணத்துக்குப் போகாமல் இருங்கள், பத்து வருஷம் முகம் பார்க்காமல் இருங்கள். அரிவாள் எடுப்பதற்கும் வயிற்றெரிச்சலுக்கும் சம்பந்தமில்லை. 2003இல் விருத்தாசலம் பக்கம் கண்ணகி, முருகேசன் என்ற தம்பதியைக் கட்டிப்போட்டு, காதிலும் மூக்கிலும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். பெண்ணின் சொந்தக்காரர்கள்தான். 2016இல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே பட்டப்பகலில் ஒரு பொறியியல் மாணவனை வெட்டியதைக் கேமராவில் நாடே பார்த்தது. இந்த மாதிரிக் கொலைகளில் அந்தப் பெண் மேல் உள்ள பாசம் எங்கே இருக்கிறது? தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதுதான் இருக்கிறது. அந்த நாலு பேர் நாம்தான். எழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "அவன் பொண்ணு ஓடிப்போச்சாமே" என்று நாம் பேசுவதைக் கேட்டுத்தான் ஒருவன் வீட்டுக்குப் போகிறான்.

பதிவுத் திருமணம் செய்ய நினைப்பவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. 1954இன் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். அந்த 30 நாளில்தான் வீட்டுக்குத் தகவல் போகிறது. இருவரும் இந்துக்கள் என்றால் சுயமரியாதைத் திருமணம் செய்து உடனே பதியலாம். 2018இல் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட தம்பதிகளுக்குப் பாதுகாப்பு இல்லம் தரவேண்டும், மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. எஸ்.பி. அலுவலகத்தில் போய்க் கேட்கலாம்.

சாதிச் சான்றிதழை ஒழித்தால் சாதி ஒழியாதா?

வாய்க்காலுக்கு அந்தப்புறம் வீடு கட்டிக்கொடுத்தது எந்தச் சான்றிதழைப் பார்த்து? சான்றிதழ் வந்தது நேற்று.

2025இல் 'காலனி' என்ற சொல்லையே எடுப்பதாக அரசு சொல்லிவிட்டதே?

ஏப்ரல் மாதம் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். நல்ல காரியம்தான். முகவரியில் அந்தச் சொல் இருந்ததால் இண்டர்வியூவில் தலை குனிந்தவர்களை எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் போர்டு மாறினாலும், பஸ் கண்டக்டர் "காலனி எறங்கு" என்று கத்துவது நிற்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

நான் ஒரு ஆள் என்ன செய்துவிட முடியும்?

எனக்கும் பெரிதாகத் தெரியாது. செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் பங்குனித் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி. காலனியிலிருந்து வரி வாங்குவதில்லை. கேட்டால், "பாவம், அதுக கஷ்டப்படுறதுக, எதுக்கு வாங்கணும்" என்பார்கள். கேட்க எவ்வளவு கருணையாக இருக்கிறது. வரி வாங்கினால் மண்டகப்படி தரவேண்டும், பரிவட்டம் கேட்பார்கள், சாமி அவர்கள் தெருவுக்கும் போகவேண்டும். விஷயம் அதுதான். போன வருஷம் ஊர்க் கூட்டத்தில் எழுந்து, அவர்களிடமும் வரி வாங்குவோம் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சித்தப்பா ஒருவர் "நீ மெட்ராஸ்ல இருக்கவன், உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவ" என்றார். அதில் நியாயம் இருந்தது. ஆனால் பின்வரிசையிலிருந்து, காலேஜ் படிக்கும் இரண்டு பையன்கள், "வாங்கலாம்னுதான் நாங்களும் நினைக்கிறோம்" என்றார்கள். அவர்களின் அப்பாக்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முடிவு எடுக்கவில்லை. அடுத்த பங்குனிக்குப் பேசிக்கொள்ளலாம் என்று நோட்டை மூடிவிட்டார்கள்.